பிரென்னனின் ஒற்றைத் தண்டவாள ரயில் உண்மையில் ஓடியதா? ஓடியதென்றால் ஏன் நிலைக்கவில்லை?

கேட்டவர் பார்த்தது ஒரு பழைய புகைப்படம். ஒரே தண்டவாளத்தின் மேல், பக்கவாட்டில் எந்த முட்டும் இல்லாமல், நாற்பது ஐம்பது பேரைச் சுமந்துகொண்டு ஒரு ரயில் பெட்டி நிற்கிறது. இது உண்மையா, கணினியில் ஒட்டிய படமா என்பது அவருடைய முதல் கேள்வி. உண்மையென்றால், நடைமுறைக்கு உதவாத இத்தகைய விசித்திரங்களில் அந்தக் காலத்தவர்கள் ஏன் பணத்தையும் ஆயுளையும் கரைத்தார்கள், இன்றைய தொழில்நுட்பம் கையில் இருந்தால் அந்த ரயில் பிழைத்திருக்குமா என்பவை அடுத்த கேள்விகள். இவை மூன்றும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன: ஓர் இயந்திரம் வழக்கொழிந்தது என்றால் அது சரியாக வேலை செய்திருக்காது என்பதே அந்த அனுமானம். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்தப் பெட்டியை நிமிர்த்தி வைத்தது கைரோஸ்கோப், சுருக்கமாகக் கைரோ, அதாவது வேகமாகச் சுழலும் கனமான சக்கரம். அது நான் ஆண்டுதோறும் பாடம் எடுத்த பொருள் என்பதால் இதன் இயக்கத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். ரயில்வேயின் வரவு செலவுக் கணக்கு என் துறையன்று. அந்தப் பகுதியில் நான் சொல்வதை ஒரு பொறியாளனின் மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் உண்மையானது. அந்தப் பெட்டியைச் செய்தவர் லூயி பிரென்னன். 1852இல் அயர்லாந்தின் காஸில்பாரில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்குக் குடிபெயர்ந்தவர். ஒற்றைத் தண்டவாள ரயிலுக்கான முதல் காப்புரிமைக்கு 1903இல் விண்ணப்பித்தார். இங்கிலாந்தின் ஜில்லிங்ஹாமில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே மாதிரி ரயிலுக்குப் பாதை போட்டார். அதற்கு அவர் பயன்படுத்தியது மரக்கட்டைகளின் மேல் கிடத்திய சாதாரண எரிவாயுக் குழாய். நடுவில் 50 அடி நீளத்துக்குக் கம்பிக்கயிற்றின் மேலேயே அந்த ஆறடி மாதிரி ஓடியது. 1907இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அதை ஓட்டிக் காட்டினார். ஆளேறும் முழு அளவுப் பெட்டி 1909 அக்டோபர் 15 அன்று 32 பேருடன் தொழிற்கூடத்தைச் சுற்றி வந்தது. நவம்பர் 10 அன்று பொதுமக்கள் முன் ஓடியது. நீளம் 40 அடி, எடை சுமார் 22 டன். மறு ஆண்டு லண்டன் வொயிட் சிட்டியில் நடந்த ஜப்பான்-பிரிட்டன் கண்காட்சியில், வட்டப் பாதையில் ஒரு தடவைக்கு 50 பேர் வீதம் ஏற்றிக்கொண்டு மணிக்கு 20 மைல் வேகத்தில் ஓடியது. அப்போது அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலும் ஏறிப் பார்த்து வியந்தவர்களில் ஒருவர். இதுவரை சொன்னவற்றில் ஐயத்துக்கு இடமில்லை.

அது எப்படி நின்றது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இதைப் பெரும்பாலான கட்டுரைகள் தவறாகவே எழுதுகின்றன. வகுப்பில் ஒரு சைக்கிள் சக்கரத்தின் அச்சில் இரண்டு பக்கமும் கைப்பிடி மாட்டி, வேகமாகச் சுழலவிட்டு, சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாணவனிடம் கொடுப்போம். அச்சை அவன் ஒரு பக்கம் சாய்க்கப் பார்ப்பான். சக்கரம் சாய மறுத்து வேறு திசையில் திரும்பும். நாற்காலி அவனையும் சேர்த்துச் சுற்றத் தொடங்கும். “யாரோ கையைப் பிடிச்சு இழுக்கறாங்க சார்” என்று சொல்லாத பையன் அரிது. சுழலும் சக்கரத்தை ஒரு திசையில் தள்ளினால் அது அதற்குச் செங்குத்தான திசையில் திரும்புகிறது. அப்படித் திரும்பும்வரைதான் தள்ளுவதை எதிர்த்து நிற்கிறது. இந்த ‘வரைதான்’ முக்கியம். ஒரு பெட்டிக்குள் வெறுமனே சக்கரத்தைச் சுழலவிட்டால் பெட்டி மெதுவாக விழுமே தவிர விழாமல் இராது. அச்சு போகக்கூடிய எல்லைவரை திரும்பி முடிந்ததும் எதிர்ப்பும் தீர்ந்துவிடும். சுழலும் பம்பரம் ஆடியாடிச் சாய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பிரென்னனின் மூளை வேலை செய்தது இங்கேதான். பெட்டி சாயத் தொடங்கியதும் கைரோவின் அச்சு தானாக ஒரு திசையில் திரும்பத் தொடங்குகிறது. அதே திசையில் அதை இன்னும் வேகமாகத் தள்ளினால், பெட்டியைச் சாய்வுக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்கி நிறுத்தும் விசை பிறக்கிறது. மாதிரியில் இந்தத் தள்ளலை உராய்வு உருளைகள் செய்தன. பெரிய பெட்டியில் அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் சிலிண்டர் செய்தது. ஆக, பெட்டி சாய்வதை உணர்ந்து தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டு அமைப்பு அது, மின்னணுவியல் என்ற சொல்லே புழங்காத காலத்தில். ஒரே கைரோ இருந்தால் வளைவில் திரும்பும்போது பெட்டியைக் கவிழ்க்கப் பார்க்கும் என்பதால், எதிரெதிராகச் சுழலும் இரண்டை இணைத்து வைத்தார். ஒவ்வொன்றும் முக்கால் டன். விட்டம் சுமார் மூன்றரை அடி. நிமிடத்துக்கு 3,000 சுற்று. காற்றின் இழுவை இல்லாமலிருக்க வெற்றிட உறைக்குள் அடைத்து வைக்கப்பட்டிருந்தன. இன்ஜின் நின்றாலும் கைரோக்கள் உடனே நிற்கமாட்டா என்பதால், பக்கவாட்டுக் கால்களை இறக்கி முட்டுக் கொடுக்கப் போதிய நேரம் கிடைக்கும். இந்த ஏற்பாட்டின் விளைவு ஒன்று பார்த்தவர்களைத் திடுக்கிடச் செய்தது: பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாகப் போய் நின்றால் அந்தப் பக்கம் தாழாது, சற்று உயரும். பக்கக் காற்று அடித்தால் பெட்டி காற்றை நோக்கிச் சாயும். சூத்திரத்தை எழுதிப் பார்த்தால் அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் அதன் மேல் ஏறி நிற்பவருக்குச் சூத்திரம் ஆறுதல் தராது.

பணம் கொடுத்தவர்கள் யார் என்பது நமக்குச் சுவையான பகுதி. பிரிட்டிஷ் ராணுவம் தொடக்கத்தில் 2,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தது. 1906இல் சிக்கனம் பேசி வந்த அரசு அமைந்ததும் அந்த வழி அடைபட்டது. பிறகு கைகொடுத்தது லண்டனிலிருந்த இந்திய விவகார அலுவலகம்: 1907இல் 6,000 பவுண்டு, 1909இல் மேலும் 2,000. இடையில் 1908இல் காஷ்மீர் சமஸ்தானம் 5,000 பவுண்டு கொடுத்தது. வடமேற்கு எல்லைப்புற மலைகளில் படைகளையும் தளவாடங்களையும் விரைவாக நகர்த்த வேண்டியிருந்தது. காஷ்மீருக்கோ பள்ளத்தாக்கை எட்டும் ரயிலே இல்லை. இரட்டைத் தண்டவாளத்தில் இரண்டும் ஒரே மட்டத்தில், ஒரே இடைவெளியில், வளைவுக்கு வளைவு கணக்காகச் சாய்ந்து இருக்க வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்துக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். கூர்மையான வளைவிலும் பெட்டி தானே உட்பக்கம் சாய்ந்து போகும். மலையைக் குடையவும் பாலம் கட்டவும் ஆகும் செலவில் பெரும்பங்கு மிச்சமாகும் என்பது கணக்கு. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு நாட்டின் மற்ற ரயில் பாதைகளோடு முழுமையாக இணைந்தது 2025இல்தான் என்பதை நினைத்தால், அன்றைக்குப் பணம் போட்டவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் ஏன் நிலைக்கவில்லை? பிரென்னன் தண்டவாளத்தில் மிச்சப்படுத்திய செலவை ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ஏற்றினார் என்பதே என் பதில். தண்டவாளம் ஒரு முறை போட்டால் பல்லாண்டு கிடக்கும். அதற்குப் பெட்ரோல் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம். கைரோ அப்படியன்று. 22 டன் பெட்டியில் ஒன்றரை டன் கைரோக்களே. அவற்றைச் சுழற்ற மோட்டார், அதற்கு ஜெனரேட்டர், காற்றுக்குக் கம்ப்ரஸர், வெற்றிடத்தைக் காக்க ஏற்பாடு, இவை எல்லாம் இழுவை வண்டியில் மட்டுமல்லாமல் பின்னால் வரும் ஒவ்வொரு பெட்டியிலும் இருந்தாக வேண்டும். முப்பது சரக்குப் பெட்டிகள் கோத்த வண்டியென்றால் அறுபது கைரோக்கள். பக்கப் பாதையில் இரவெல்லாம் நிற்கும் நிலக்கரிப் பெட்டிகூட ஒன்று கைரோவை ஓடவிட வேண்டும், அல்லது கால் ஊன்றி நிற்க வேண்டும். சாதாரணச் சரக்குப் பெட்டியின் பெருமையே அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை என்பதுதான். அந்தப் பெருமையைத்தான் இந்த ஏற்பாடு பறித்துவிட்டது.

இன்னொரு காரணம் பழுது. இரட்டைத் தண்டவாளத்தில் இன்ஜின் செத்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இங்கே கைரோவின் பேரிங் இறுகிப்போனால் வண்டி சாயும். மேலே சொன்ன விட்டத்துக்கும் சுற்றுக்கும் கணக்குப் போட்டால் சக்கரத்தின் விளிம்பு மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. முக்கால் டன் எஃகின் உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் ஒலியலைச் சோதனை அன்று கிடையாது. பிரென்னனின் கைரோ வெடித்ததாகச் செய்தி எதுவும் இல்லை. இருந்தாலும் அப்படிப்பட்ட சக்கரங்களை நூற்றுக்கணக்கில் தயாரித்து, ஆள் ஏறும் பெட்டிகளில் நாள்தோறும் ஓடவிடும் துணிச்சல் எந்தத் தலைமைப் பொறியாளருக்கும் எளிதில் வந்திராது. இதோடு, ஏற்கெனவே உலகெங்கும் போட்டுவைத்த இரட்டைத் தண்டவாளத்தில் இந்தப் பெட்டி ஏற முடியாது. இரண்டும் சந்திக்கும் இடத்திலெல்லாம் சரக்கை இறக்கி மாற்றி ஏற்ற வேண்டும்.

சில செய்திகளைத் தள்ளிவைத்தே படிக்க வேண்டும். இந்த ரயில் மணிக்கு நூறு மைலுக்கு மேல் போகும் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதியதைப் பலர் சாதனையாகவே எடுத்துச் சொல்கிறார்கள். அது எதிர்பார்ப்பு, ஓட்டிக் காட்டியது 20, 22 மைல் மட்டுமே. பெரிய வேகத்தில் அந்தக் கட்டுப்பாடு தாங்கியிருக்குமா என்பது சோதிக்கப்படவே இல்லை. பயணிகளின் அச்சமே திட்டத்தைக் கொன்றது என்பதும் பின்னால் வந்தவர்கள் சொன்ன விளக்கமாகவே எனக்குத் தோன்றுகிறது. வொயிட் சிட்டியில் ஏறிய கூட்டத்தைப் பார்த்தால் அச்சம் அவ்வளவு பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. முதலீடு வரவில்லை என்பது மட்டும் உறுதி. கட்டிய இரண்டு பெட்டிகளில் ஒன்று பழைய இரும்புக்குப் போனது. மற்றது 1930வரை ஒரு பூங்காவில் மழைக்கு ஒதுங்கும் கூரையாக நின்றது.

இதே காலத்தில் நம் பக்கத்து மலையிலேயே இன்னொரு ஒற்றைத் தண்டவாளம் இருந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை கொண்டுபோக 1902இல் போட்ட குண்டளைப் பள்ளத்தாக்குப் பாதை அது. எவிங் முறை என்பார்கள். பாரத்தின் பெரும்பகுதியை ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு சக்கரங்கள் தாங்கும். பக்கத்தில் நீண்டிருக்கும் ஒரு பெரிய சக்கரம் சாதாரண ரோட்டில் உருண்டு வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். இழுத்தவை மாடுகள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வே வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டியில் போடிநாயக்கனூருக்குப் போயின. 1908இல் அதை எடுத்துவிட்டுச் சிறிய இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். அதுவும் 1924 பெருவெள்ளத்தில் அழிந்தது. பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானத்தில் இதே முறையில் 1907இல் தொடங்கிய பாதை ஏறத்தாழ 50 மைல் வளர்ந்து 1927வரை ஓடியது. அங்கே கோவேறு கழுதைகளும் மாடுகளும் இழுத்தன. ஜெர்மனியில் செய்த நீராவி இன்ஜின்கள் சிலவும் இருந்தன. அவற்றில் ஒன்றை டில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். பார்ப்பதற்கு அது பிரென்னனின் பெட்டியைவிட விகாரமானது. ஆனால் சமநிலைக்கு அது கொடுத்த விலை ஒரு சக்கரம், ஓர் அச்சு, கூடவே ஒரு ரோடு. பழுதானால் ஊர்க் கொல்லனே சரிசெய்யலாம். இருபது ஆண்டு ஓடியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பேருந்தும் லாரியும் வந்து, அந்த ரோடே போதும் என்று ஆனபோது அதன் வேலை முடிந்தது.

கண்டுபிடிப்பாளர்கள் ஏன் இப்படிக் காலத்தை வீணாக்கினார்கள் என்ற கேள்விக்குப் பிரென்னனே நல்ல விடை. இதற்கு முன் அவர் செய்த டார்பீடோ, அதாவது கப்பலைத் தாக்க நீருக்கடியில் பாயும் வெடிகருவி, கேட்டால் நம்ப முடியாத பொருள்: உள்ளே இரண்டு உருளைகளில் கம்பி சுற்றியிருக்கும், கரையிலிருக்கும் விஞ்ச் என்ற சுருட்டும் இயந்திரம் அந்தக் கம்பிகளைப் பின்னோக்கி இழுக்க இழுக்க, உருளைகள் சுழன்று, டார்பீடோ முன்னோக்கிப் பாயும். இரண்டு கம்பிகளின் வேகத்தை மாற்றினால் திசை திரும்பும். பின்னால் இழுத்தால் முன்னால் போகிறது என்பதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். பிரிட்டிஷ் அரசு அதற்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பவுண்டு கொடுத்து வாங்கித் துறைமுகக் கோட்டைகளில் வைத்தது. ஒரு விசித்திரம் பலித்த மனிதர் அடுத்ததைத் தொடங்கியதில் என்ன வியப்பு? மேலும் அது கைரோஸ்கோப்பின் பத்தாண்டு. கப்பலுக்குக் கைரோ திசைகாட்டியும், ஆட்டத்தை அடக்கும் கைரோவும் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. பெர்லினில் ஆகுஸ்ட் ஷெர்ல் என்பவரும் 1909இலேயே கைரோ ரயிலைக் காட்டினார். ரஷ்யரான ஷிலோவ்ஸ்கி 1914இல் லண்டன் தெருவில் இரண்டே சக்கரம் உள்ள கைரோ காரை ஓட்டினார்.

எல்லா விசித்திரங்களும் இந்தக் கணக்கில் சேரமாட்டா. அடிப்படையே இடித்தவை உண்டு. 1932இல் இங்கிலாந்தின் சாமர்செட் கடற்கரையில் ஓட்டிக் காட்டிய டைனஸ்பியர் என்ற ஒற்றைச் சக்கர வண்டியில், ஓட்டுநர் பத்தடி உயரச் சக்கரத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். நேர்ப்பாதையில் அது நன்றாகவே உருண்டது. பிரேக்கில் அதற்கொரு தப்ப முடியாத வரம்பு இருந்தது: உள்ளே தொங்கும் எடை எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பிரேக் பிடிக்கலாம், அதை மீறி அழுத்தினால் ஓட்டுநரும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவார். எவ்வளவு நல்ல பிரேக் செய்தாலும் இது மாறாது. ஃப்ரான்ஸ் ரைஷெல்ட் 1912 பிப்ரவரி 4 அன்று தான் தைத்த பாராசூட் உடையுடன் ஈஃபெல் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து குதித்து உயிரிழந்ததும் இந்த வகையே. பொம்மைகளைக் கட்டிப்போட்டுப் பார்த்த சோதனைகளே அவரை எச்சரித்திருக்க வேண்டும். கிளாஸ்கோ அருகே மில்கையில் 1930இல் ஜார்ஜ் பென்னி தொங்கவிட்ட, விமான விசிறியால் ஓடும் ரயில்பெட்டி மூன்றாவது வகை. அது ஓடியது, ஆனால் சோதனைப் பாதை மொத்தமே 426 அடி. மணிக்கு 120 மைல் என்ற பேச்சை அந்த நீளத்தில் எப்படி நிரூபிப்பது? ஆகவே பழைய படம் ஒன்றைப் பார்த்தால் காப்புரிமை வரைபடமா, ஓட்டிக் காட்டிய வண்டியா, காசு வாங்கிக்கொண்டு ஓடிய வண்டியா என்று பிரித்துக் கேட்பது நல்லது. இணையத்தில் சுற்றும் படங்களின் கீழே இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

கடைசிக் கேள்வி, இன்று முடியுமா என்பது. கட்டுப்பாட்டுப் பகுதி இன்று மிக எளிது. சாய்வை உணரும் சில்லு ஒவ்வொரு செல்போனிலும் இருக்கிறது. மோட்டாரும் பேரிங்கும் வெகுவாக முன்னேறியிருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் மேசையளவில் இதைச் செய்து நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பெட்டியும் தன் சமநிலைக்குத் தானே விலை கொடுக்க வேண்டும் என்ற கணக்கு இம்மியளவும் மாறவில்லை. இரண்டாவது தண்டவாளம் அதைவிட மலிவாகவே இன்றும் இருக்கிறது. எங்கே இரண்டாவது தண்டவாளம் போட வழியே இல்லையோ அங்கே கைரோ வென்றுவிட்டது. உல்லாசப் படகுகளின் அடித்தட்டில் அலையாட்டத்தை அடக்குவதற்கு வெற்றிட உறைக்குள் கைரோக்கள் சுழல்கின்றன. பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் தன் நிலையை மாற்றாமல் வைத்துக்கொள்வதற்கு நிமிடத்துக்கு 6,600 சுற்றுச் சுழலும் நான்கு பெரிய கைரோக்களை நம்பியிருக்கிறது. ஊன்றிக்கொள்ளத் தரையே இல்லாத இடத்தில் அவற்றின் விலையைக் குறித்து யாரும் முணுமுணுப்பதில்லை.